மூன்று தம்பிக்கு, மூன்று பசாங்குக்கு

எங்கள் வீட்டுக்கு வந்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வருஷ பூஜை முடிந்ததும் படையலில் வைத்த பழம், பிஸ்கட், இறைச்சித் துண்டு எல்லாவற்றையும் வந்திருக்கிற தலைகளை எண்ணிப் பங்கு போடுவோம். கடைசி நேரத்தில் யாரோ வழிப்போக்கன் வாசலில் வந்து நின்றாலும் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. பங்கு போடுகிற கை வீட்டின் மூத்த பெண்ணுடையது. வீடும் வயலும் மகளுக்கு, மகன்கள் கல்யாணம் முடிந்ததும் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அம்மா போனபிறகு அந்தக் கை என்னுடையது ஆயிற்று. அதே கையால்தான் என் தம்பி கென்ச்சோவைக் கவிழ்த்தேன்.

ஓட்டு எங்கள் மலை நாட்டுக்கு வந்து சேர்ந்த விதமே ஒரு கூத்து. மற்ற நாடுகளில் ஜனங்கள் ராஜாவோடு சண்டை போட்டு வாங்குவார்களாம். எங்களுக்கு அரசரே கூப்பிட்டுக் கொடுத்தார். நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று அழுதோம். எங்கள் ஊர்க் கூட்டத்தில் நான்கூட சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அழுது என்ன, கொடுத்தது கொடுத்ததுதான். அதற்கு முன்னால் ஊர்த்தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு வீட்டுக்கு ஒரு கை என்பதுதான் கணக்கு. மைதானத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்போம், வீட்டுக்கு ஒருவர் கை தூக்குவார், பத்து நிமிஷத்தில் முடிந்து எழுந்து போய்விடுவோம். அதனால் ஆளுக்கு ஓர் ஓட்டு என்று அதிகாரிகள் எத்தனை தடவை வந்து சொன்னாலும், ஓட்டு வீட்டுடையது என்றுதான் எங்கள் மண்டையில் இருந்தது. முன்பு வீட்டுக்கு ஒன்று, இப்போது வீட்டுக்கு ஆறு. பங்கு போட வசதியாகத்தான் போயிற்று.

கென்ச்சோ கீழ்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன். அவனை முதுகில் கட்டிக்கொண்டு நாற்று நட்டிருக்கிறேன். முதல் தேர்தலில் நிற்கிறேன் என்று அவன் வந்து சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. அரசு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நிற்க முடியும். ஜெயித்தால் ஐந்து வருஷம் சட்டசபை. தோற்றால் பழைய வேலை கிடைக்காது, வேறு எந்த அரசு வேலையும் கிடைக்காது. அவன் மாமனார் வேறு பொல்லாத மனிதர். மருமகன் சம்பளத்தைச் சொல்லிச் சொல்லியே ஊரில் நிமிர்ந்து நடப்பவர். சம்பளம் இல்லாத மருமகனுக்கு அந்த வீட்டில் அடுப்புப் பக்கம்கூட இடம் இருக்காது. ஆனால் அந்தத் தடவை கென்ச்சோ ஜெயித்தான். ஐந்து வருஷமும் ஒழுங்காகத்தான் இருந்தான். எங்கள் ஊர்வரை வண்டி வருகிற பாதை அவன் கொண்டுவந்தது.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் மறுபடி நின்றான். மே மாதம் முதல் சுற்று. அதில் நிற்கிற ஆளுக்கு ஓட்டு கிடையாது, கட்சிக்குத்தான். முந்துகிற இரண்டு கட்சிகள் ஜூலையில் மோதும். மே மாதம் அவன் கட்சி முதலில் வந்தது. எங்கள் ஊர்ப் பெட்டியில் பாதிக்கு மேல் அவர்களுக்குத்தான். இனி என்ன, முடிந்த கதை என்று எல்லோரும் களையெடுக்கப் போய்விட்டோம்.

ஜூலை ஒன்றாம் தேதி கேஸ் விலை ஏறியது. இந்தியா கொடுத்துவந்த மானியம் நின்றுவிட்டதாம். முந்தின நாள் ஐந்நூற்றுச் சொச்சத்துக்கு வாங்கின சிலிண்டர் மறுநாள் ஆயிரத்து இருநூறு. மண்ணெண்ணெயும் அப்படியே.

ஊருக்குக் கீழே நெடுஞ்சாலையில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. ஆறு மேஜை, இரண்டு பர்னர் அடுப்பு. லாரிக்காரர்களும் சாலை போடுகிறவர்களும் வருவார்கள். சிவப்பரிசிச் சோறும், மிளகாயும் பாலாடைக்கட்டியும் கொதிக்கிற எமா தத்ஷியும் எப்போதும் தயாராக இருக்கும். குக்கரில் சோறு வைக்கக் கரண்ட் இருக்கிறது, ஆனால் மற்றதெல்லாம் கேஸில்தான். பத்து நாளைக்கு ஒரு சிலிண்டர் வேண்டும். டிப்போவில் மழையில் நாலு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, என் முறை வந்ததும் விலையைக் கேட்டு, காலி சிலிண்டரையே உருட்டிக்கொண்டு வந்தேன். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டினேன். நனைந்த விறகு. கண் இரண்டும் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்துவிட்டது.

வரிசையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கென்ச்சோ கட்சிக்காரரான நம் பிரதமர் எங்கேயோ ஒரு மாநாட்டில் வடக்கே இருக்கிற பெரிய நாட்டுக்காரரோடு கைகுலுக்கினாராம், தெற்கே இருக்கிறவர்களுக்குக் கோபமாம். அதெல்லாம் ஒன்றுமில்லை, ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார் ஒருவர். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் தாகோதான் எதற்கும் சிரிக்கிற மனிதர்.

"யாரோ யாருக்கோ கை குடுத்தாங்க, நம்ம அடுப்பு அணைஞ்சு போச்சு," என்றார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கென்ச்சோ கடைக்கு வந்தான். பிரச்சாரத்தில் நடந்து நடந்து செருப்பெல்லாம் சேறு. கடை நிறைய ஆட்கள். எனக்கு அவனைப் பார்த்ததும் புகையும் எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பியது.

"வாடா. உங்க ஆளுங்க ஊர் ஊராப் போய் கைகுலுக்குங்க. இங்க உங்க அக்கா கண்ணு அவிஞ்சு போகட்டும்," என்றேன்.

அவன் கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான். "அக்கா, பக்கத்து வீட்டுக்காரங்க நல்லவங்கதான். ரோடு போட்டுக் குடுத்தாங்க, நம்ம ஆத்துல எடுக்கற கரண்ட காசு குடுத்து வாங்கிக்கறாங்க. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம வீட்டுக்கு யாரு வரணும், யாருகூட நாம பேசணும்னு நாமதானே முடிவு பண்ணணும்? கொஞ்ச நாள் பொறுத்துக்கக்கா."

"மானத்த அடுப்புல வெச்சா எமா கொதிக்குமாடா?"

கடையே சிரித்தது. கென்ச்சோவும் சிரித்துவிட்டு, சாப்பிட உட்காராமல் அடுத்த ஊருக்குப் போய்விட்டான். நான் சொன்னது சாயங்காலத்துக்குள் மலை ஏறி ஊருக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் எதிர்க்கட்சிக் கூட்டத்தில் யாரோ எழுந்து, அவருடைய சொந்த அக்காவே இப்படிக் கேட்டாராமே என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார்களாம். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது நாக்கு கூசுகிறது.

எதிர்க்கட்சியில் நின்றவன் பசாங். மேல் ஊர்ப் பையன், என்ஜினீயர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவனும் வேலையை விட்டுவிட்டு நின்றவன்தான். ஓட்டுக்கு நாலு நாள் முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தான். கென்ச்சோவின் பிறந்த வீட்டுக்கு வருகிறானே, என்ன தைரியம் என்று நினைத்தேன். ஆனால் வாசலுக்கு வந்தவனுக்கு வீட்டில் வடித்த ஆரா சாராயம் ஊற்றாமல் இருக்க முடியுமா? முட்டை உடைத்துப்போட்டுச் சூடாகக் கொடுத்தேன். முறைப்படி இரண்டு தடவை வாயைக் கையால் மூடிக்கொண்டு வேண்டாம் என்றான். மூன்றாவது தடவை கிண்ணத்தை நீட்டினான். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கண்ணைப் பார்த்தான், கூரை ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த காலி சிலிண்டரைப் பார்த்தான், அவ்வளவுதான்.

கிளம்பும்போது கேட்டான். "அக்கா, ஜெயிக்கறதுக்குக் கேக்கல. சார்தான் ஜெயிப்பாருன்னு எனக்கும் தெரியும். நான் அவர்கிட்டப் படிச்சவன். இந்த ஊர்ப் பெட்டியில என் பேருக்கு ஒண்ணுமே இல்லன்னு ஆயிடக் கூடாது. எங்க அம்மா தெருவுல நடக்க முடியாது. ஏதோ உங்க கையால கொஞ்சம்."

கையால் கொஞ்சம் என்று கேட்டவனை எப்படி அனுப்புவது? அதுவும் என் ஆராவைக் குடித்தவனை? சரி தம்பி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மிளகாய்ச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே எல்லோரையும் கூப்பிட்டேன். நான், தாகோ, இரண்டு மகள்கள், இரண்டு மருமகன்கள். ஆறு ஓட்டு. கென்ச்சோவின் பெயரும் இன்னும் எங்கள் வீட்டுக் கணக்கில்தான் இருக்கிறது, ஆனால் அவன் ஓட்டு அவனுக்கு, அதை நான் பங்கில் சேர்க்கவில்லை. மூன்று தம்பிக்கு, மூன்று பசாங்குக்கு என்றேன். நானும் மகள்களும் தம்பிக்கு. தாகோவும் மருமகன்களும் பசாங்குக்கு.

பெரியவள் ஸாங்மோ மண்வெட்டியைக் கீழே போட்டாள். "மாமாவுக்கு ஆறும் போடாம, இது என்னம்மா பூஜைப் பிரசாதமா?" என்று கேட்டாள்.

மாமா எப்படியும் ஜெயிக்கப் போகிறான், மே மாதம் பார்க்கவில்லையா, நம் மூன்று ஓட்டில் என்ன ஆகிவிடும், அந்தப் பையன் பாவம் என்றெல்லாம் சொல்லி அவள் வாயை அடைத்தேன். அடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்தாள். கேஸ் விஷயத்தை நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

தாகோ மட்டும், "பங்கு போடறதுல எங்க மாமியாரையே மிஞ்சிட்டா," என்று மருமகன்களிடம் கண்ணடித்தார்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பக்கத்து வீட்டு தேக்கி தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள், உங்கள் வீட்டில் எப்படி என்று. மூன்றுக்கு மூன்று என்று பெரிய மனுஷி தோரணையில் சொன்னேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தாள். சொந்த அக்கா வீடே பாதிப் பாதி என்றால் நாங்கள் முழுசாகப் போட வேண்டிய அவசியம் என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அது அவள் முகத்தில் தெரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் வரிசையில் இருக்கிற நாலு வீடும் பங்கு போட்டுவிட்டன.

ஜூலை பதின்மூன்றாம் தேதி காலையிலிருந்து தூறல். பெண்களெல்லாம் நல்ல கீரா உடை கட்டி, தோளில் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்து முற்றத்தில் வரிசையில் நின்றோம். கென்ச்சோவும் எங்களோடுதான் ஓட்டுப் போட வேண்டும். எனக்கு முன்னால் நின்றான். தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவன் நனைந்தான். அவன் ஒரு காலத்தில் தலைமையாசிரியராக இருந்த அதே முற்றம். சின்ன ஆசிரியர்கள் அவனைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார்கள். மாமனார் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சின்ன மகனுக்குக் காலேஜ் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி என்றான். நான் அவன் முதுகில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப்போட்டேன்.

என் முறை வந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மேஜை மேல் மிஷின் இருந்தது. அதுவும் இந்தியாவிலிருந்து வந்ததுதான். இரண்டு பெயர், இரண்டு பொத்தான். கென்ச்சோவின் படம் மேலே. நான்தான் அவனுக்குத் தாலாட்டுப் பாடினவள், நான்தான் பங்கு போட்டபோது தம்பிக்கு என்று என் பெயரை முதலில் சொன்னவள். விரல் அந்தப் பொத்தானுக்குத்தான் போயிற்று. போகும்போது கீராத் துணியிலிருந்து புகை வாசனை அடித்தது. நல்ல கீராதான், பெட்டியில் இருந்ததுதான், அதிலும் புகை ஏறியிருந்தது. இன்னும் எத்தனை நாள் இப்படி என்று ஒரு எண்ணம் வந்தது. பெரிய எண்ணம் ஒன்றும் கிடையாது. விரல் ஒரு அங்குலம் கீழே இறங்கிற்று. பீப் என்று ஒரு சத்தம்.

வெளியே வந்தபோது கென்ச்சோ குடையை விரித்துக் காத்துக்கொண்டிருந்தான்.

பத்தொன்பது ஓட்டில் தோற்றான். மூன்று பள்ளத்தாக்கு சேர்ந்த தொகுதி, பத்தொன்பது ஓட்டு. எங்கள் ஊர்ப் பெட்டியில் மே மாதம் அவன் கட்சிக்கு விழுந்ததைவிட அறுபது குறைவு. பத்துப் பேர் மாற்றிக் குத்தியிருந்தால் போதும். என் வீட்டில் நாலு. தேக்கி வீட்டில் இரண்டு. மற்ற மூன்று வீட்டில் வீட்டுக்கு இரண்டு என்று வைத்தாலும்... எத்தனையோ தடவை விரல் விட்டுப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பத்துக்கு மேலேதான் வருகிறது. நாடு முழுக்க அவன் கட்சி தோற்றது, அது வேறு. அவன் மட்டுமாவது பிழைத்திருப்பான்.

பசாங் ஜெயித்ததும் என் வீட்டு வாசலில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனான். ஆடிப் போயிருந்தான் பாவம், அவன் ஜெயிப்பதற்குக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி மானியம் திரும்ப வந்தது. சிலிண்டர் பழைய விலைக்கே கிடைத்தது. ஒரே ஒரு மாதம். ஒரு மாதம் என் கண் எரிந்தது, அவ்வளவுதான். தாகோ சிலிண்டரை மாட்டித் தீக்குச்சி கிழித்ததும் நீலமாகப் பற்றிக்கொண்டது. நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கென்ச்சோ கொஞ்ச நாள் தனியார் பள்ளிக்கூடங்களில் கேட்டுப் பார்த்தான். சட்டசபையில் இருந்த மனிதரை வேலைக்கு வைக்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்ததாம். மாமனார் வீட்டில் என்ன நடந்தது என்று அவன் சொன்னதில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவன் தட்டு தனியாக, கடைசியாக வைக்கப்படுகிறது என்று அவன் மகள் ஸாங்மோவிடம் சொன்னாள். அடுத்த வருஷம் ஊர் உருளைக்கிழங்கைச் சேர்த்து லாரியில் ஏற்றி எல்லையில் ஏலத்துக்குக் கொண்டுபோகிற வேலையில் இறங்கினான். அங்கே இந்திய வியாபாரிகள்தான் எடுப்பார்கள். நல்ல மனிதர்கள், டீ வாங்கிக் கொடுக்கிறார்கள், விலை மட்டும் அவர்கள் சொல்வதுதான் என்பான். ஒரு தடவைகூட முகம் சுளித்துச் சொன்னதில்லை.

போகும்போதும் வரும்போதும் என் கடையில் நிறுத்துவான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே தானாகப் பேச்சை எடுத்தான். நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மூணுக்கு மூணுன்னு பங்கு போட்டியாமே?"

கழுவின தட்டையே மறுபடி தண்ணீரில் முக்கினேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ஓட்டுக்கு முன்னாலேயே தெரியும் என்றான்.

"அப்பவே ஏன்டா வந்து கேக்கல?"

"எப்படிக்கா கேக்கறது? வீட்டுக்கு வந்து கேட்ட பையன வெறுங்கையோட அனுப்புன்னா? அம்மா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பாங்க." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "அன்னைக்கு உள்ள போனப்ப, நம்ம வீட்ல எனக்கு நாலு இருக்கு, என்னோடது ஒண்ணு, உன்னோடது, பொண்ணுங்களோடதுன்னு எண்ணிக்கிட்டேதான் பொத்தான அமுக்கினேன். தோத்தப்புறமும் அந்த நாலு போதும்னு இருந்துச்சுக்கா."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவன் தட்டைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்றான், மறுபடி கேட்டேன், வேண்டாம் என்றான். மூன்றாவது தடவை கேட்டபோது தட்டை நீட்டினான். பாலாடைக்கட்டி நிறைய அள்ளிப் போட்டேன்.

அதிலிருந்து அவன் லாரி வளைவில் ஹாரன் அடித்தால் நான் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குப் போய்விடுவேன். மூன்று கல்லும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அவனுக்கு மட்டும் விறகில் சமைக்கிறேன். ஈர விறகென்றாலும் சரி, ஊதி ஊதி மூட்டிவிடுவேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியோடு உள்ளே வரும்போது, அடுப்பில் கேஸ் எரிந்துகொண்டிருக்கும், அதில் மற்றவர்களுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும்.

போன வாரமும் கேட்டான். "கேஸ் இருக்கறப்ப எதுக்குக்கா இந்தக் கஷ்டம்? கண்ணப் பாரு, எப்படி இருக்குன்னு."

விறகில் செய்தால் ருசி என்றேன். ஆமாம், அம்மா செய்த மாதிரியே இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டான்.